முப்பத்திரண்டாம் நம்பர் ரிங் ஸ்பேனர்

என் வீட்டுக்காரரின் வலது மணிக்கட்டு உடைந்தது ஒரு சனிக்கிழமை காலையில். டிராக்டர் டிரெய்லரின் சக்கர நட்டு ஒன்று துருப்பிடித்து நின்றது. அவர் தன் முப்பத்திரண்டாம் நம்பர் ரிங் ஸ்பேனரை அதில் மாட்டினார். ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி நீளமாக்கினார். பைப்பின் நுனியைப் பிடித்து முழு உடம்பையும் போட்டு இழுத்தார். நட்டு அசையவில்லை. ஸ்பேனர்தான் நட்டை விட்டு வழுக்கி வெளியே வந்தது. ஸ்பேனர், பைப், வீட்டுக்காரர் மூன்று பேரும் ஒன்றாகப் பின்னால் போனார்கள். ஸ்பேனருக்கும் பைப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது சேர்ந்துரும். ஆனா இதே இடத்துல இன்னொரு அடி பட்டா, பொறவு ஸ்பேனர் பிடிக்கிறதை மறந்துர வேண்டியதுதான்."

"ஸ்பேனர் பிடிக்காம நான் வேற என்ன சார் செய்யுறது?"

டாக்டர் என்னைக் கையால் காட்டினார். "அம்மாதான் கடைக் கணக்குப் பாக்காங்கன்னு சொன்னீங்கல்ல? பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காந்துக்கோங்க."

வீட்டுக்காரரின் முகத்தில் எலும்பு உடைந்தபோது வராத வலி அப்போதுதான் வந்தது.

எங்கள் மெக்கானிக் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. டிராக்டர், டிரெய்லர், சின்ன லாரி ஆகியவை வரும். வேலை அவருடையது, ரசீதும் உதிரிப்பாக அலமாரியும் என்னுடையவை. டூல்ஸ் இருக்கும் மரப்பெட்டி பக்கம் நான் போனதில்லை. இரவில் நாட்குறிப்பு எழுதும்போது பேனா மூடியைக்கூட அதற்குரிய இடத்தில் வைக்கிற ஆள் நான். அந்தப் பெட்டியைத் திறந்தால் எனக்கு மூச்சு வாங்கும் என்று தெரிந்தே விலகியிருந்தேன். கட்டுப் போட்ட மறுநாள் கடை சும்மா கிடந்ததால் திறந்தேன்.

உள்ளே எந்தக் கருவியும் தன் வேலையைப் பார்க்கவில்லை. ஸ்குரூ டிரைவர் உளியாக இருந்தது. உளி நெம்புகோலாக இருந்தது. ஸ்பேனர்களில் பாதி சுத்தியலாக இருந்து முகம் சப்பிப்போயிருந்தன. சுத்தியலுக்கு மட்டும் வேலையே இல்லை. அதன் தலை ஒரு தட்டிலும் கைப்பிடி இன்னொரு தட்டிலும் ஓய்வில் இருந்தன. உளிகளின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்து, ஓரத்தில் சிலாம்பு சிலாம்பாகத் தொங்கியது. அடுத்த அடியில் அந்தச் சிலாம்பு தெறித்துக் கண்ணுக்குள் போக வசதியாக இருந்தது.

நான் ஒவ்வொன்றாக டீசலில் ஊறவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். துடைக்க நல்ல துணி வேண்டும். பழைய சேலை நூல் விடும். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற இடங்களில், நெசவு பிசகின துண்டுகளை மூட்டையாகத் தருவார்கள். எண்ணெய் உறிஞ்சுவதற்கு அதைவிட நல்ல துணி கிடையாது. கழுவிய டூல்ஸை எல்லாம் அந்த வெள்ளைத் துணியில் வரிசையாகப் படுக்கவைத்து, மேலே மெல்லிசாக எண்ணெய் தடவி, இன்னொரு துணியால் போர்த்தினேன். உளித்தலைகளைச் சாணைக்கல்லில் பிடித்து ஓரத்தைச் சரிவாக்கினேன். சுத்தியலின் தலையையும் கைப்பிடியையும் ஆப்பு வைத்துச் சேர்த்துவைத்தேன்.

வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து பார்த்தார்.

"என் கட்டு ஒரு நாள்ல கறுத்துப் போச்சு. உன் ஸ்பேனரெல்லாம் வெள்ளைத்துணி போத்தி ஆஸ்பத்திரி வார்டு மாதிரிப் படுத்திருக்கு. காய்ச்சல் ஏதும் இருக்கான்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாரேன்."

"வெர்னியர் வச்சு அளந்து பாத்தாச்சு" என்றேன். "எல்லாருக்கும் சுமாரா இருக்கு. ஒரு ஆளுக்குத்தான் முடியலை."

முடியாத ஆள் அந்த முப்பத்திரண்டாம் நம்பர்தான். ரிங் ஸ்பேனர் என்றால் வளையத்துக்குள் பல் பல்லாக மூலைகள் இருக்கும். அந்த மூலைகள்தான் நட்டின் மூலைகளைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பைப் போட்டு இழுத்து இழுத்து இதன் மூலைகள் மழுங்கி, வளையமே கொஞ்சம் விரிந்திருந்தது. ஒரு புது நட்டை உள்ளே வைத்து ஆட்டினேன். தொட்டிலில் பிள்ளை ஆடுவதுபோல ஆடியது. கழுத்தும் ஒரு பக்கம் கோணியிருந்தது.

அந்த ஸ்பேனர் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்தது. எனக்கு மூத்தாள் என்றே சொல்லலாம். அதற்குக் கைராசி உண்டு என்பது சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு நம்பிக்கை. மற்ற கடைகளில் வராத நட்டுகள் எல்லாம் அதற்கு வந்திருக்கின்றன. வன்னியம்பட்டியிலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள், "அண்ணாச்சி, அந்தக் கோணக்கழுத்தை எடுங்க" என்று பெயர் சொல்லியே கேட்பார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குத் தனியாகச் சந்தனம்.

"இதைத் தூரப் போட்டுருவோம்" என்றேன்.

"எதை?" அவர் குரல் நான் அதுவரை கேட்டிராத குரலாக இருந்தது.

"கையை உடைச்சதை."

"அது வழுக்குனதுக்கு அது என்ன செய்யும்? நட்டுல கிரீஸ் இருந்துச்சு."

நட்டில் துருதான் இருந்தது. அதை நான் பார்த்தேன். ஆனால் மாவுக்கட்டோடு இருக்கிறவரிடம் எவ்வளவு வாதாட முடியும்?

இனிமேல் அந்த மணிக்கட்டுக்கு இன்னொரு அடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று முடிவு செய்தேன். அதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். நல்லது ஒன்று வர வேண்டும். கெட்டது போக வேண்டும். முதல் காரியத்துக்காக ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். கைப்பையில் வெர்னியரும், டிரெய்லர் சக்கரத்தின் பழைய நட்டு ஒன்றும், புது நட்டு ஒன்றும் இருந்தன.

மில்களுக்குச் சாமான் கொடுக்கிற பெரிய இரும்புக்கடை அது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற ஒரு செட்டைத் திறந்து காட்டினார். நீல வெல்வெட்டில் நகை மாதிரிப் பதித்திருந்தது.

"கிஃப்ட் கொடுக்க ரொம்ப நல்லா இருக்கும்மா."

"கிஃப்ட் இல்லைங்க. சக்கர நட்டு கழட்டணும். முக்கால் இன்ச் டிரைவ்ல முப்பத்திரண்டாம் நம்பர் சாக்கெட், கறுப்பா இருக்கிறது. உள்ளே ஆறு மூலைதான் இருக்கணும், பன்னிரண்டு வேண்டாம். அதுக்குப் பவர் பார் ஒண்ணு."

அவர் வெல்வெட்டை மெதுவாக மூடினார். உள்ளே திரும்பித் தன் தம்பியிடம் தெலுங்கில் "பெத்ததி தே" என்றார். பெரிசை எடுத்துவரச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டில் இருபது வருடமாகக் கேட்கிற பாஷை.

சாக்கெட் என்பது நட்டின் மேல் தொப்பி மாதிரிக் கவிழ்ந்து உட்காருகிற கிண்ணம். அதன் முதுகில் உள்ள முக்கால் இன்ச் சதுரப் பொந்தில் கம்பியைச் செருகித் திருக வேண்டும். அந்தக் கம்பிதான் பவர் பார். உள்ளே பன்னிரண்டு மூலை இருந்தால் மாட்டுவது சுலபம், ஆனால் ஒவ்வொரு மூலையும் நட்டின் நுனியை மட்டும் தொடும். ஆறு மூலை என்றால் நட்டின் பக்கவாட்டையே அணைத்துப் பிடிக்கும். மழுங்கின நட்டும் நழுவாது. பளபளப்புப் பூச்சு கனமான வேலையில் செதில் செதிலாக உரியும். உரிந்த ஓரம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். இதெல்லாம் நான் இரண்டு நாளாகக் கண்ணில் கண்ட எல்லாரையும் கேட்டு, செல்போனில் பார்த்துச் சேர்த்துவைத்திருந்தது.

ஐந்தாறு சாக்கெட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் ஒவ்வொன்றிலும் முதலில் புது நட்டை வைத்து ஆட்டினேன், பிறகு பழைய நட்டை வைத்து ஆட்டினேன். அளவு எண் ஆழமாகக் குத்தியிருக்கிறதா என்று நகத்தால் தடவினேன். மேலாக அச்சடித்திருந்தால் மூன்று கழுவலில் அழிந்துவிடும், அப்புறம் இருட்டில் தேடுகிற மாதிரிதான். சுவரின் கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று வெர்னியரைச் சுற்றிச் சுற்றி வைத்தேன். பவர் பாரின் தலை மடங்குகிற மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். பாரைக் கீழே நிறுத்தினேன். என் இடுப்புக்கு வந்தது. இந்த நீளம் இருந்தால் பைப் போட வேண்டியதில்லை.

கடைக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு பாக்க வாரவங்ககூட இம்புட்டுத் திருப்பித் திருப்பிப் பாக்க மாட்டாங்கம்மா."

"பொண்ணு சரியில்லைன்னா மனசுதான் உடையும். இது மணிக்கட்டு."

அவர் தம்பி சிரித்துவிட்டான். கடைக்காரர் மரியாதையாக ஒரு காபி வரவழைத்தார்.

திரும்பும்போது டவுன் பஸ். சாக்கெட் பைக்குள் அடங்கியது. பார் அடங்கவில்லை, என் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் அதையே பார்த்தார்.

"என்னக்கா இது, ஊருக்குள்ள ஏதும் தகராறா?"

"இல்லை தம்பி. வீட்டுக்காரருக்கு."

நான் உண்மையைத்தான் சொன்னேன். முன் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் ஒன்றும் பேசாமல் நகர்ந்து எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் பாரை இடது கையால் தூக்கிப் பார்த்தார். சாக்கெட்டை விரலால் சுழற்றினார். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. நல்ல இரும்பைப் பார்த்தால் அவர் மூக்கு விடைக்கும். ஆனால் சொன்னது வேறு.

"நல்லா இருக்கு. சுவத்துக்கு."

சுவரில் ஆணி அடித்து மாட்டியும்விட்டார், இடது கையாலேயே.

இனி இரண்டாவது காரியம். கெட்டது போக வேண்டும். அதற்கு ஏற்ற ஆள் எங்களுக்கு வாய்த்திருந்தார். வன்னியம்பட்டியில் ஒரு வாடிக்கையாளர். வீட்டுக்காரருக்குத் தம்பி முறை வேண்டும் என்று அவரே சொல்லிக்கொள்வார். டூல் இரவல் வாங்கினால் திருப்பித் தருகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. எங்கள் கிரீஸ் கன் அவர் வீட்டில் இருக்கிறது. எங்கள் ஜாக்கிகளில் ஒன்று அவர் டிராக்டர் கொட்டகையின் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொட்டகைக்குக் காலாக நிற்பதும் எங்கள் கடப்பாரைதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டுக்காரர் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்து அவருக்கு போன் போட்டேன்.

"கோணக்கழுத்து ஸ்பேனர் உங்களுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு இப்ப வேலை இல்லை."

"மெய்யாவா மதினி?"

வந்தார், வாங்கினார், போனார். அன்று நான் நிம்மதியாக இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். ஸ்பேனரைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். கூட ஒரு பை கொய்யாப்பழம்.

"இந்தாங்க மதினி. வேலை முடிஞ்சுருச்சு."

"ஒரே நாள்லயா? வச்சுக்கோங்களேன். அவசரமே இல்லை."

"ஐயய்யோ! அண்ணாச்சி கை உடைஞ்சு கெடக்காரு. இந்த நேரம் பாத்து உங்க வீட்டு ராசியை நான் வீட்டுல வச்சுக்கிட்டா எனக்கு நல்லதா? ராத்திரி பூரா என் பொண்டாட்டி திட்டித் தீத்துட்டா."

"அப்ப அந்த ஜாக்கி?"

"அது ராசி இல்லாததுதானே மதினி" என்று சொல்லிவிட்டுப் பைக்கை மிதித்தார்.

அடுத்த வாரம் பழைய இரும்புக்காரர் வந்தார். தேய்ந்த பேரிங், பிரேக் ஷூ, உடைந்த பட்டை எல்லாம் சாக்கில் கட்டிப் போடுவது வழக்கம். சாக்கின் அடியில் ஸ்பேனரை வைத்து, அதன் மேல் பேரிங்குகளைக் கொட்டி, வாயைத் தைத்தே விட்டேன். அவர் எடை போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மூத்தாள் போனாள் என்று நினைத்தேன்.

மதியம் வீட்டுக்காரரின் போனில் டிங் டிங் என்று சத்தம். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாம் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. பழைய பேப்பர் மேல் ஸ்பேனர் கிடந்தது, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. கீழே இரும்புக்காரரின் குரல் செய்தி: "அண்ணாச்சி ஸ்பேனரை எவனோ களவாணிப்பய திருடி, அவிய சாக்குலயே ஒளிச்சு வச்சு என் கடை வழியாக் கடத்தப் பாத்திருக்கான். நான் கண்டுபிடிச்சிட்டேன். யாரும் பதற வேண்டாம்."

அதற்குக் கீழே கைகூப்புகிற படங்களும் கோபமான முகங்களும் வரிசையாக வந்தன. ஒருவர் சிசிடிவி வைக்கச் சொன்னார். இன்னொருவர் அந்தக் களவாணியைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதியிருந்தார். நான் அதை முழுக்கப் படிக்கவில்லை.

சாயந்திரம் இரும்புக்காரரே ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை குறைவாக இருக்கிறது என்றார்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"களவாணிப்பய சாக்கு வாயை நல்லா நெருக்கமாத் தச்சிருக்கான். இரும்புக்காரர் சொன்னதைப் பாத்தா உன் தையல் மாதிரியே இருக்கு."

நான் டீ டம்ளர்களைக் கழுவப் போனேன். அன்றோடு நான் ஸ்பேனரைத் துரத்துவதை விட்டேன்.

கட்டுப் பிரித்த அன்று அவர் கை வெளுத்து, மெலிந்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது. டாக்டர் பழையபடி அதையே சொல்லி அனுப்பினார்: வேலை பார்க்கலாம், அடி மட்டும் படக் கூடாது. கடைக்கு வந்ததும் அவர் நேராக டூல்ஸ் பெட்டிக்குப் போனார். சுவரில் தொங்கிய பாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முப்பத்திரண்டாம் நம்பரை எடுத்தார்.

"நீங்க அதைத் தொட்டா நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

"உங்க அம்மா வீடு அடுத்த தெரு."

"அதனால என்ன? போறேன்னா போறேன்தான்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, வளையத்துக்குள் புது நட்டை வைத்து ஆட்டிக் காட்டினேன். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"ஏட்டி, வாய் விரிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ வெர்னியர் வச்சுக் கண்டுபிடிச்சதை நான் எப்பவோ கை வச்சே கண்டுபிடிச்சாச்சு."

இத்தனை நாளும் கிரீஸைக் குற்றம் சொன்ன மனிதர் இவர்.

"பொறவு ஏன்?"

"கட்டுப் போட்டதுல இருந்து கடைக்கு வாரவன் எல்லாம் முதல்ல என் கையைத்தான் பாக்கான். முடியுமான்னு வாயால கேக்கலை, கண்ணால கேக்கான். இதுல நான் இம்புட்டு நீளத்துக்கு ஒரு கம்பியைத் தூக்கிட்டு வந்து நின்னா என்ன நினைப்பான்? அண்ணாச்சிக்குச் சத்து போச்சு, கம்பி வந்துருச்சும்பான். மறுநாளே ராஜபாளையத்துல நட்டுக் கழட்டுற ஏர் கன் வச்சிருக்கிற கடைக்கு வண்டியை விட்டுருவான். கோணக்கழுத்தைப் பிடிச்சா எதுவும் மாறலைன்னு இருக்கும்ல?"

அவர் அந்த வெளுத்த கையை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சுந்தரபாண்டியத்துக்காரர் டிராக்டரோடு வந்து இறங்கினார். எங்களுடைய பழைய வாடிக்கையாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடித்துப் போட்ட மேல்துண்டு. வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தவர் என்பதால் அதட்டித்தான் பேசுவார்.

"ஏலே, கை சரியாப் போச்சா? டிரெய்லர் டயர் மாத்தணும். நட்டு அம்புட்டும் கல்லாப் பிடிச்சுக் கெடக்கு. எடு உன் கோணக்கழுத்தை!"

வீட்டுக்காரர் எழுந்தார். ஸ்பேனர் கையில் இருந்தது. பைப்பை எடுக்க மூலைக்குப் போனார். நட்டைப் பார்த்தேன், மணிக்கட்டை உடைத்த நட்டைப் போலவே துருவேறி இருந்தது. பைப்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி" என்று சுந்தரபாண்டியத்துக்காரரைக் கூப்பிட்டேன். "ராசி ஸ்பேனர்லதானே இருக்கு?"

"அதுல என்ன சந்தேகம் தாயி?"

"இவருக்கு இன்னைக்குத்தான் கட்டுப் பிரிச்சிருக்கு. நீங்களே ஒரு பிடி பிடிச்சுப் பாருங்களேன். ராசி இருந்தா உங்க கைக்கும் வரணும்ல?"

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். சுந்தரபாண்டியத்துக்காரருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அந்த ஸ்பேனரை அவரைத் தொடவிட்டதில்லை. மேல்துண்டைத் தலையில் கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பைப் மட்டும் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். வழுக்கினால் அவர் விழுவதற்குத் தோதாகப் பின்னால் ஒரு பழைய லாரி டயரை உருட்டிக் கொண்டுவந்து படுக்கவைத்தேன். மேலே சாக்கும் போட்டேன். எல்லாம் ஏற்பாடாகச் செய்தேன்.

அவர் ஸ்பேனரை மாட்டினார். சாமியைக் கும்பிட்டார். நான் போட்ட டயருக்கு நேராக நிற்காமல், வெயில் கண்ணில் படுகிறது என்று ஓரடி தள்ளி நின்றார். ஒரு மூச்சு இழுத்து, பிடித்து இழுத்தார்.

ஸ்பேனர் வழுக்கியது. அவர் நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தார். டயரில் அல்ல. அதன் பக்கத்தில் முந்தின நாள் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் வேலை பார்த்து எடுக்க மறந்த கழிவு எண்ணெய்த் தட்டில். இன்ஜினிலிருந்து வடித்த கரிய எண்ணெய் நிறைய இருந்தது. அவர் உட்கார்ந்த வேகத்தில் அது நாலாபக்கமும் எழும்பி, மெதுவாக அவர் மேலேயே இறங்கியது.

வீட்டுக்காரர் ஓடிப்போய், "அண்ணாச்சி, அடி பட்டுச்சா?" என்று கையை நீட்டினார், இடது கையைத்தான். அவர் எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க்குள் சாவகாசமாக உட்கார்ந்தபடி ஸ்பேனரின் வளையத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தடவினார்.

"ஏலே" என்றார். "இதுல பல்லே இல்லையேடா."

"இல்லைங்க அண்ணாச்சி."

"இந்தப் பொக்கைவாயை வச்சா இம்புட்டு வருசமா எங்க நட்டெல்லாம் கழட்டுன?"

"ஆமா."

"அப்ப ராசி எங்கலே இருந்துச்சு? எல்லாம் உன் கையிலயா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தாயி, இவன் கையை நல்லாப் பாத்துக்கோ. இது சாமானியப்பட்ட கை இல்லை. இந்தக் கழுதையை வச்சு நான் ஒரு தடவை இழுத்ததுக்கே எண்ணெய்க்குள்ள உக்காந்துட்டேன்."

வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுந்தரபாண்டியத்துக்காரரும் சிரித்தார். சிரித்தபோது தட்டில் எண்ணெய் அலை அடித்தது. எனக்கு மட்டும் அவர் வேட்டி நினைப்பாகவே இருந்தது. எந்தச் சோப்புக்கும் அது போகாது.

"சிரிச்சது போதும். நட்டை யாருலே கழட்டுவா?" என்றார் அவர்.

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர். என் பக்கம் திரும்பாமலே, "அந்தக் கம்பியை எடு" என்றார்.

சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சாக்கெட்டை நட்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி ஆழமாக உட்காரவைத்தார். பாரின் நுனியை இடது கையில் பிடித்து, வலது கையை மேலே சும்மா வைத்தார். கால்களை அகட்டி நின்று, வெட்டி இழுக்காமல் உடம்பின் கனத்தை மெதுவாகப் பாரின் மேல் இறக்கினார். நான் அந்த மணிக்கட்டையே பார்த்தேன். பார் லேசாக வளைவதுபோல இருந்தது.

டக் என்று ஒரு சத்தம். நட்டு திரும்பியது.

"வந்துருச்சா?" என்றார் எண்ணெய்த் தட்டிலிருந்து.

"வந்துருச்சு அண்ணாச்சி."

"கம்பி நீளம்ல, அதான். ஆனா எம்புட்டு நீளக் கம்பியா இருந்தாலும் பிடிக்கிற கை வேணும்லே."

அதைக் கேட்ட வீட்டுக்காரர் அடுத்த நட்டுக்குப் போனார். அதற்கடுத்த நட்டுக்கும் போனார். சுந்தரபாண்டியத்துக்காரரை நான் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்பி, மண்ணெண்ணெயும் சோப்பும் கொடுத்து, வீட்டுக்காரரின் கட்டம் போட்ட கைலி ஒன்றையும் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். குடித்து முடிப்பதற்குள் சக்கரம் தனியாக வந்து தரையில் படுத்தது.

டயர் மாற்றி அவர் டிராக்டரில் ஏறிப் போன பிறகு, வீட்டுக்காரர் பாரை மடியில் வைத்துக்கொண்டு பேண்டேஜ் துணியில் ஒரு துண்டைக் கிழித்தார். வலது மணிக்கட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை." பிறகு, தலை நிமிராமல்: "இதுக்கு எண்ணெய் எங்க விடணும்?"

"பிடியில விடக் கூடாது, வழுக்கும். தலை மடங்குற மூட்டுல மட்டும் ஒரு சொட்டு. விட்டுட்டு நல்லா மடக்கி நீட்டி, வெளிய வாரதைத் துடைச்சுரணும்."

எண்ணெய்க் கேனைக் கவிழ்த்தார். இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும். துணியால் ஒற்றி ஒரு சொட்டை எடுத்தார்.